பொது நூலகத்தில் இண்டி கேம் இரவல்: எதை வாங்குவது, எந்த வரிசையில் செய்வது

நூலகத்தில் வீடியோ கேம் அலமாரியின் பொறுப்பு கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் வேலை, "சிறந்த 50 இண்டி கேம்கள்" (பெரிய நிறுவனம் சாராத சிறு குழுக்கள் செய்யும் கேம்கள்) என்று எங்காவது இருக்கும் பட்டியலைத் திறந்து ஆர்டர் போடுவது. அதில் பாதி கேம்கள் கார்டாகவோ டிஸ்க்காகவோ கடைக்கே வந்திருக்காது. வந்தவற்றில் சில, பெட்டிக்குள் வெறும் காகிதத் துண்டோடு வந்து சேரும்.

இதை இரவல் கொடுக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். நல்ல கேமா என்பது அதற்கு அப்புறம். எடுத்துப்போனவர் திருப்பித் தரும் தேதிக்குள் அதில் எதையாவது அனுபவித்திருப்பாரா என்பது கடைசிக் கேள்வி, ஆனால் பட்டியலை அதிகம் மாற்றுவது அதுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. அமெரிக்க, கனடா நூலக நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் சட்டம் பற்றிய பகுதியைத் தங்கள் ஊர் விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் கன்சோல், அதாவது கேமைப் போட்டுச் சோதித்துப் பார்க்கும் கருவி. பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று போதும். ஊழியர் அறையில் இருக்கட்டும், இணையத்தில் சேர்க்காதீர்கள். காரணம் 5ஆம் படியில் வரும்.

கவுண்டருக்குப் பின்னால் பூட்டக்கூடிய ஓர் இழுப்பறை. அலமாரியில் வெறும் பெட்டிதான் நிற்கும், கார்டு இழுப்பறையில் இருக்கும். ஸ்விட்ச் கார்டு தபால்தலை அளவுதான். பெட்டியோடு வெளியே வைத்தால் எப்போது போனது என்றே தெரியாது.

நூலகத்தின் சேகரிப்புக் கொள்கையில் கேம்களுக்கென்று ஒரு பத்தி. புத்தகத்தின் மீது ஆட்சேபம் வந்தால் என்ன நடைமுறையோ அதுவே கேமுக்கும் என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். பெற்றோர் ஒருவர் கோபமாகக் கவுண்டரில் நிற்கும்போது இதை எழுதிக்கொண்டிருக்க முடியாது.

பணம். இண்டி கேம் கார்டு பெரும்பாலும் 30 முதல் 40 டாலருக்குள் இருக்கும். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைந்த கார்டுகளுக்கு மாற்று வாங்கத் தனியே ஒதுக்குங்கள். முழுவதையும் முதல் ஆர்டரிலேயே தீர்த்துவிட்டால், எல்லோரும் கேட்கிற கேம்தான் முதலில் காணாமல் போகும், அப்போது கையில் காசு இருக்காது.

1. எந்த கன்சோலுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே கன்சோலில் தொடங்கச் சொல்வேன், அது ஸ்விட்ச். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றுக்கும் ஐந்தைந்து கேம் வாங்கினால் எந்த வீட்டுக்கும் அலமாரி நிறைந்ததாகத் தெரியாது.

ஸ்விட்ச் ஏன் என்றால், கார்டைச் செருகியதும் பெரும்பாலும் அப்படியே ஓடும். பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்குகளை முதலில் கன்சோலில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அதற்கு இடம் வேண்டும், பல சமயம் பெரிய அப்டேட்டும் இறங்கும். வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் இரவல் நாட்கள் அதிலேயே கரைந்துவிடும்.

டிஸ்க் போடும் வசதியே இல்லாத கன்சோல்களும் நிறைய இருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன் இரண்டிலும் டிரைவ் கிடையாது. "எங்கள் வீட்டில் பிஎஸ்5 இருக்கிறது" என்று சொல்லி டிஸ்க்கை எடுத்துப்போய், மறுநாளே முகம் வாடித் திரும்பி வருபவர்கள் உண்டு.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, பழைய ஸ்விட்ச் கார்டுகளில் பெரும்பாலானவற்றை ஓட்டும். ஸ்விட்ச் 2 கார்டு பழைய ஸ்விட்சில் ஓடாது. அதனால் ஒரு கேம் இரண்டிலும் கிடைத்தால் இப்போதைக்குப் பழைய ஸ்விட்ச் பதிப்பையே வாங்குங்கள், இரண்டு வீட்டாருக்கும் பயன்படும்.

2. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சட்டம் முதலில், சுருக்கமாக. அமெரிக்காவில் ஒருவர் விலைகொடுத்து வாங்கிய பிரதியை மற்றவருக்குக் கொடுக்கலாம். கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதை 1990இல் வந்த திருத்தம் தடுத்தது, ஆனால் கன்சோல் கேம்களுக்கு அதில் விலக்கு உண்டு. இலாப நோக்கமற்ற நூலகம் கணினி மென்பொருளையும் இரவல் தரலாம், பெட்டியில் காப்புரிமை எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும். கனடாவிலும் இலாப நோக்கம் இல்லாத இரவலைச் சட்டம் வாடகையாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த உரிமையெல்லாம் கையில் தொடக்கூடிய பிரதிக்குத்தான். ஸ்டீமிலோ நின்டெண்டோ ஆன்லைன் கடையிலோ வாங்கும் டவுன்லோட், ஓர் அக்கவுண்ட்டோடு கட்டப்பட்ட உரிமம். நூலகத்தின் பெயரில் ஓர் அக்கவுண்ட் திறந்து, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி இரவல் கொடுக்கலாமே என்று ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் ஒருவர் கேட்பார். முடியாது. பயனர் ஒப்பந்தத்துக்கு எதிரானது, அக்கவுண்ட்டே பறிபோகும்.

சரி, பெட்டி இருக்கிறது. உள்ளே நான்கு விதமாக இருக்கலாம்.

முழு கேமும் கார்டிலேயே இருப்பது முதல் வகை. நமக்கு வேண்டியது இதுதான்.

இரண்டாவது, கேமின் ஒரு பகுதி மட்டும் கார்டில் இருந்து மீதியை இறக்கிக்கொள்ள வேண்டியது. பெட்டியின் மேலட்டையில் முன்பக்கம் இணைய டவுன்லோட் தேவை என்று பட்டையில் அச்சிட்டிருப்பார்கள். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

மூன்றாவது, ஸ்விட்ச் 2உடன் வந்த கேம்-கீ கார்டு. பெட்டியின் மேலட்டையில் அடியில் சாவிப் படம் இருக்கும். கார்டில் கேம் இல்லை, இறக்கிக்கொள்ள அனுமதி மட்டுமே இருக்கிறது. அனுமதி கார்டோடு போவதால் இரவல் கொடுக்கலாம். ஆனால் வாங்கிப்போகிறவருக்கு இணையமும் மெமரியில் இடமும் வேண்டும், சர்வர் என்றைக்காவது மூடினால் கார்டு வெறும் பிளாஸ்டிக். வாங்குவதானால் கேட்டலாகிலும் பெட்டியிலும் இதைக் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

நான்காவது, பெட்டிக்குள் கார்டே இல்லாமல் டவுன்லோட் கோடு (ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண்) மட்டும். முதலில் எடுத்துப்போனவர் கோடைப் போட்டதும் கதை முடிந்தது. இதை ஒருபோதும் வாங்காதீர்கள். விநியோகஸ்தர் பட்டியலில் இதற்கும் கார்டுக்கும் ஒரே மாதிரி படம்தான் இருக்கும், அதனால் படத்தைப் பார்த்து ஆர்டர் போட வேண்டாம். விவரத்தைப் படியுங்கள், சந்தேகமாக இருந்தால் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். டஸ் இட் ப்ளே என்ற தன்னார்வக் குழு, எந்த கேம் இணையமின்றி கார்டிலிருந்தே முழுதாக ஓடுகிறது என்று சோதித்துப் பட்டியலிடுகிறது. ஆர்டருக்கு முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. இப்போதுதான் கேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

இரவல் தரத்தக்க கேம் என்றால், முன்பின் தெரியாத ஒருவர் மூன்று வாரத்தில் அதை எடுத்து, புரிந்து, ஆடி, ஏதாவது ஒன்றை முடித்துத் திருப்பித் தர முடிய வேண்டும். இதை வைத்து வடிகட்டினால் பட்டியல் வேறு மாதிரி வந்து நிற்கும்.

முதலில் நீளம். இண்டி கேம்களில் பல சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு சின்னதற்கு இவ்வளவு விலையா என்று கடையில் தயங்கும் அதே காரணம் நூலகத்தில் நமக்கு லாபம். ஆடம் ராபின்சன்-யூவின் எ ஷார்ட் ஹைக் இதற்கு நல்ல உதாரணம். போனில் சிக்னல் கிடைக்காத ஒரு பறவை மலை உச்சிக்கு ஏறிப் போகும் கதை. ஒரு மாலையில் முடிக்கலாம், வழியில் சுற்றித் திரிந்தால் இரண்டு மூன்று நாள் போகும். வாங்கிப்போனவர் முடித்துவிட்டுக் கெடுவுக்கு முன்பே கொண்டுவந்து தருவார், காத்திருப்போர் வரிசை நகரும். எந்த கேம் எத்தனை மணி நேரம் என்று ஹவ் லாங் டு பீட் தளத்தில் பார்க்கலாம். ஆர்டர் தாளில் தலைப்புக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக நீளமானவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. ஸ்டார்டியூ வேலி முடிவே இல்லாத பண்ணை, ஹாலோ நைட் எளிதில் 30 மணி நேரத்தைத் தாண்டும். இரண்டையும் கேட்பார்கள், வையுங்கள். ஆனால் பத்து தலைப்பு வாங்கினால் இப்படிப்பட்டவை இரண்டு மூன்றோடு நிற்கட்டும். ஹேடீஸ் இடைப்பட்டது. மொத்தக் கதைக்குப் பல பத்து மணி நேரம் ஆகும், ஆனால் ஒவ்வோர் ஆட்டமும் பெரும்பாலும் அரை மணி நேரம் போல ஓர் இடத்தில் முடிவதால் பாதியில் திருப்பித் தந்தாலும் ஏமாற்றம் இல்லை. அதற்கு டீ (T) என்ற வயது ரேட்டிங், 13 வயதும் அதற்கு மேலும்தான்.

அடுத்து, எவ்வளவு வாசிக்க வேண்டியிருக்கும். புதிதாகக் குடியேறியவர்கள் அதிகம் வரும் கிளைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் குழு செய்த அன்பேக்கிங், பெட்டியைப் பிரித்துச் சாமான் அடுக்குவது, அவ்வளவுதான். 1997இலிருந்து 2018 வரை ஒரு பெண் எட்டு முறை வீடு மாறுகிறாள். அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை, அவள் சாமான்களே சொல்லிவிடுகின்றன. ஆங்கிலம் தெரியாத பாட்டியும் பத்து வயதுப் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து, இந்தத் தவா எந்த அலமாரியில் என்று வாக்குவாதம் செய்யலாம். ஹவுஸ் ஹவுஸ் குழுவின் அன்டைட்டில்டு கூஸ் கேமிலும் வாசிப்பு மிகக் குறைவு. ஒரு வாத்து ஊரையே படுத்தி எடுக்கும். செய்ய வேண்டிய வேலைகளின் சின்னப் பட்டியல் ஒன்றுதான் வாசிக்க வேண்டியது. இதற்கு நேர் எதிர் அண்டர்டேல். அதன் சிரிப்பும் சோகமும் முழுக்க வசனத்தில் இருக்கிறது. நல்ல கேம்தான், ஆனால் வாசிக்கச் சிரமப்படுபவர் கையில் அது ஊமையாகிவிடும்.

மூன்றாவது, எத்தனை பேர் ஒரே சோபாவில் ஆடலாம். ஒரு கார்டு வீட்டுக்குப் போனால் நான்கு பேருக்குப் பயன்பட்டால் நல்லதுதானே. ஓவர்குக்டு 2இல் நான்கு பேர் வரை ஒரே சமையலறையில் கத்திக்கொண்டே ஆடலாம். கன்சோலோடு வரும் இரண்டு ஜாய்-கான்களை (கழற்றக்கூடிய சின்ன கன்ட்ரோலர்கள்) ஆளுக்கொன்றாகப் படுக்கவைத்துப் பிடித்தாலே இருவருக்குப் போதும், கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். அட்டையில் "1-4" என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அது ஆன்லைனில் நான்கு பேராகவும் இருக்கலாம். டிவி மோட், கையடக்க மோட் என்று தனித்தனியாக எத்தனை பேர் என்பது அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். ஆன்லைனில் மட்டுமே மற்றவரோடு ஆட முடிகிற கேம்களுக்குப் பெரும்பாலும் நின்டெண்டோவின் மாதச் சந்தாவும் வேண்டும். நூலகத்துக்கு வருபவரிடம் அது இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள்.

நான்காவது, கடினத்தைக் குறைக்க வழி இருக்கிறதா. சும்மா பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியாது, ஆடிப் பார்த்தவரிடம் கேட்க வேண்டும். செலெஸ்ட் மிகக் கடினமான கேம். ஆனால் அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் செய்துகொள்ளலாம், கடைசிவரை எதுவும் பூட்டப்படாது. கப்ஹெட்டிலும் சிம்பிள் மோட் இருக்கிறது. ஆனால் அந்த மோடில் ஜெயித்தால் ஒப்பந்தச் சீட்டு கிடைக்காது, சீட்டு இல்லாமல் இறுதிக் கட்டத்துக்குப் போக முடியாது. இரண்டு கேமின் அட்டையிலும் இந்த வித்தியாசம் இருக்காது. ஒரு கார்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் செலெஸ்ட்டை வாங்கச் சொல்வேன்.

வயது ரேட்டிங்கை இஎஸ்ஆர்பி (அமெரிக்க, கனடா கேம்களுக்கு வயது ரேட்டிங் தரும் அமைப்பு) எழுத்தோடு விட்டுவிடாமல் காரணத்தையும் வாசியுங்கள். ஸ்பிரிட்ஃபேரர் பார்க்கக் குழந்தைப் படம்போல இருக்கும். ஆனால் இறந்தவர்களின் கடைசிப் பயணத்தில் துணை போகும் கதை அது. குழந்தைகள் அலமாரியில் வைத்துவிட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

தமிழ்க் குடும்பங்கள் வரும் கிளையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களின் இறுதியில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல் வழியாக நகர்கிறது. முதல் சமையல் இட்லி. அம்மாவின் குறிப்பேடு பாதி அழிந்திருக்கும், தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்று ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் நொடியில் சொல்லிவிடுவார்கள், பேரப்பிள்ளைக்கு அதில் ஒரு வியப்பு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதனால் நீளக் கணக்கிலும் பொருந்துகிறது. மற்ற எல்லா கேமையும் போல இதற்கும் 2ஆம் படியை முதலில் முடியுங்கள். கார்டு விற்பனையில் இருப்பதை உறுதி செய்த பிறகே வாசகரிடம் வாய் திறங்கள்.

4. வாங்குதல்

இண்டி கேமின் கார்டு எப்போதும் கடையில் இருக்காது. லிமிடெட் ரன் கேம்ஸ், ஐஆம்8பிட், ஃபேன்கேமர், பிரிட்டனின் சூப்பர் ரேர் கேம்ஸ் போன்ற சிறு வெளியீட்டாளர்கள்தான் இவற்றில் பலவற்றை அச்சிடுகிறார்கள். முன்பதிவு சில வாரம் திறந்திருக்கும், பொருள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பெரிய இண்டி கேம்கள் சில வழக்கமான விநியோகஸ்தரிடமும் வரும், அவற்றை அங்கேயே வாங்குவது கணக்குக்கு எளிது.

இங்கே இடறுவது நிதியாண்டு. மார்ச்சில் முன்பதிவு செய்து நவம்பரில் பொருள் வந்தால், எந்த ஆண்டின் பணம் என்று கணக்குப் பிரிவு கேட்கும். பொருள் கையில் வராமல் பில்லை ஏற்க மாட்டோம் என்றும் சொல்வார்கள். ஆர்டருக்கு முன்பே அவர்களிடம் பேசி, முன்பணம் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்விட்ச் கார்டுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, பிரிட்டனில் வாங்கியதும் அமெரிக்காவில் ஓடும். இரண்டு விஷயம் மட்டும் மாறும். அட்டையில் இஎஸ்ஆர்பிக்குப் பதில் ஐரோப்பிய வயது ரேட்டிங்கான பெகி எண் இருக்கும். வாங்கிப்போனவர் கூடுதல் பகுதிகளைத் தன் அக்கவுண்ட்டில் வாங்கினால், வேறு நாட்டுக் கார்டோடு அவை ஒட்டாமல் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது தேவைப்படாது.

ஒரே தலைப்பில் இரண்டு பிரதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். சிறு பதிப்பு தீர்ந்தபின் மறுவிற்பனைச் சந்தையில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள்.

5. பெட்டியைப் பிரித்ததும் டெஸ்ட்

முதலில், உள்ளே இருக்கும் ஒருமுறைக் கோடுகள், ஸ்டிக்கர், போஸ்டர், பாடல் டவுன்லோட் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விட்டால் முதல் ஆளுக்குக் கிடைக்கும், அடுத்தவர் "சீட்டைக் காணோம்" என்று புகார் சொல்வார். போஸ்டரை அலமாரிக்கு மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

பிறகு கார்டை டெஸ்ட் ஸ்விட்சில் போட்டு, ஃப்ளைட் மோடில் ஓட்டுங்கள். ஜாய்-கான்களைக் கன்சோலிலேயே மாட்டி வைத்திருங்கள். ஃப்ளைட் மோடில் கழற்றிய கன்ட்ரோலரின் இணைப்பும் துண்டிக்கப்படும், அதைப் பார்த்துக் கார்டுதான் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

கால் மணி நேரமாவது ஆடுங்கள். டைட்டில் திரை வந்துவிட்டதே என்று நிறுத்திவிட்டால், இரண்டாம் கட்டத்தில் டவுன்லோட் கேட்பது தெரியாது. முகப்புத் திரையில் கேமின் மேல் நின்று ப்ளஸ் பட்டனை அழுத்தினால் பதிப்பு எண் தெரியும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏன் என்றால், சில வசதிகள் பின்னால் வந்த அப்டேட்டில்தான் சேர்ந்தன. ஸ்டார்டியூ வேலியில் திரையைப் பிரித்து ஒரே வீட்டில் இருவர் ஆடுவது 1.5 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு கார்டில் இருந்தால், இணையம் இல்லாத வீட்டில் அந்த வசதி இல்லை.

டெஸ்ட் கன்சோலை ஏன் இணையத்தில் சேர்க்கக் கூடாது என்றால் இதற்குத்தான். ஒருமுறை அப்டேட் இறங்கிவிட்டால் கன்சோல் அதையே பயன்படுத்தும், கார்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அப்புறம் தெரியவே தெரியாது.

முடிவை ஒரே வரியில் பெட்டியில் ஒட்டுங்கள்: "இணையம் வேண்டாம்", அல்லது "இணையமும் இவ்வளவு இடமும் வேண்டும்".

6. கேட்டலாக்

ஒவ்வொரு கன்சோலுக்கும் தனிப் பதிவு. ஒரே பதிவில் ஸ்விட்ச், பிஎஸ்5 பிரதிகளைச் சேர்த்துவிட்டால், ஹோல்டு போட்டவருக்கு (திரும்பி வந்ததும் தனக்கு வேண்டும் என்று பதிந்து வைத்தவர்) எது முதலில் திரும்பி வருகிறதோ அது போய்ச் சேரும், பாதிப் பேருக்குப் பயன்படாது.

கன்சோல் பெயர் தேடல் முடிவில் தலைப்போடு சேர்ந்தே தெரிய வேண்டும். நூலகங்கள் கேட்டலாக்குக்குப் பயன்படுத்தும் மார்க் வடிவப் பதிவில் 538இல் என்ன சாதனம் வேண்டும் என்பது, 521இல் வயது ரேட்டிங், 753இல் கன்சோல். ஒலி-ஒளிப் பொருட்களைக் கேட்டலாக் செய்பவர்களின் ஓலாக் அமைப்பின் வீடியோ கேம் கேட்டலாக் வழிகாட்டியும் அவர்களுடைய வகைச் சொற்களும் இருக்கின்றன, புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். கேமைச் செய்த குழுவின் பெயருக்குத் தனிப் பதிவு கொடுங்கள். பெரிய வெளியீட்டாளர் பெயரை மட்டும் போட்டுவிட்டால், இதே குழுவின் வேறு கேம் இருக்கிறதா என்று தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. "இணையம் தேவை", "ஒரே வீட்டில் எத்தனை பேர்" என்ற இரண்டையும் பொதுக் குறிப்பில் எழுதுங்கள். வாசகர் உண்மையில் படிப்பது அதைத்தான்.

7. கார்டும் பெட்டியும்

கார்டின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், பார்கோடும் வேண்டாம், ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலையால் படிக்கும் அடையாளச் சில்லு) ஸ்டிக்கரும் வேண்டாம். மெல்லிய ஸ்டிக்கர்கூட கன்சோலின் துளையில் சிக்கி உரியும், வாசகரின் கன்சோல் பழுதானால் பொறுப்பு நம் தலையில். பார்கோடின் கடைசி நான்கு எண்ணை மிக மெல்லிய நிரந்தர மார்க்கரால் கார்டின் முன்பக்கம் எழுதினால் போதும். பின்பக்கத் தங்க நிறத் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது.

பார்கோடும் ஆர்எஃப்ஐடியும் பெட்டிக்கு. கார்டு, அதே எண் எழுதிய சின்ன ஜிப் உறையில் இழுப்பறையில் எண் வரிசைப்படி. தலைப்பு வரிசையில் அடுக்கினால் ஒரே தலைப்பின் இரண்டு பிரதிகள் இடம் மாறும்.

குழந்தை கார்டை வாயில் போட்டுத் துப்பிவிட்டது என்று போன் வந்தால் பதறாதீர்கள். விழுங்காமல் இருக்க நின்டெண்டோவே கசப்புப் பூச்சு பூசித்தான் விற்கிறது. ஆனால் சின்னப் பொருள், சிறு குழந்தை உள்ள வீட்டாரிடம் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

8. இரவல் விதிகள்

மூன்று வாரம், யாரும் ஹோல்டு போடாவிட்டால் இரண்டு முறை நீட்டிப்பு, ஓர் ஆளுக்கு ஒரே சமயத்தில் மூன்று கேம். ஒரு வாரம் என்று வைக்கும் நூலகங்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர் வார இறுதியில்தான் ஆட உட்காருவார், அவருக்கு ஒரு வாரம் என்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

திருப்பிக் கொடுத்தால் ஆடியதெல்லாம் அழிந்துவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கவுண்டரில் புதிதாக இருப்பவர்கள் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. ஸ்விட்சில் சேவ் (எதுவரை ஆடினோம் என்ற பதிவு) கன்சோலில்தான் இருக்கிறது, கார்டில் இல்லை. அடுத்த மாதம் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அப்படித்தான். பழைய நின்டெண்டோ டிஎஸ் காலத்தில் கார்டிலேயே சேவ் இருந்ததால் வந்த குழப்பம் இது. ஸ்டார்டியூ வேலி போன்ற நீள கேமைத் தைரியமாக வைக்கலாம் என்று மேலே சொன்னதற்கும் இதுதான் காரணம்.

வெளியே இருக்கும் புத்தகப் பெட்டியில் கேமைப் போடக் கூடாது, கவுண்டரில்தான் தர வேண்டும். மேலே விழும் கனமான புத்தகம் பெட்டியைத் திறந்துவிடும், கார்டு அடியில் எங்கோ போய்விடும்.

தொலைத்தால் எவ்வளவு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நாம் வாங்கிய விலையை மட்டும் வசூலியுங்கள், மறுவிற்பனை விலையை வேண்டாம். 35 டாலர் கார்டுக்கு 110 டாலர் பில் போனால் அந்தக் குடும்பம் திரும்ப நூலகப் பக்கம் வராது.

9. திரும்பி வரும்போது

ஸ்கேன் செய்வதற்கு முன் பெட்டியைத் திறங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்கேன் செய்துவிட்டால் வாசகரின் கணக்கிலிருந்து நீங்கிவிடும், பிறகு வெறும் பெட்டி என்று தெரிந்தால் கேட்க ஆள் இல்லை.

திறந்ததும் கார்டு இருக்கிறதா, அதே கேமா, எழுதிய நான்கு எண் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெறும் பெட்டியாக வந்தால் பத்தில் ஒன்பது முறை கார்டு அவர் கன்சோலுக்குள்ளேயே இருக்கும். வேறு கார்டு வந்தால் அது அவருடைய சொந்தக் கார்டாக இருக்கும், அவரும் தேடிக்கொண்டிருப்பார். அன்றே மரியாதையாக ஒரு போன் போட்டால் போதும். மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் அனுப்பினால் குற்றம் சாட்டுவதாகத் தோன்றும்.

டிஸ்க்குகளுக்குக் கீறல் பார்க்க வேண்டும், டிவிடிக்குச் செய்வதேதான்.

10. கார்டே இல்லாத கேமுக்கு

பட்டியலில் பிடித்தது, ஆனால் டவுன்லோட் மட்டும்தான் என்றால் இரவல் கிடையாது. நூலகத்துக்குள் வைத்து ஆடவிட ஒரு வழி உண்டு, கேமைச் செய்தவரிடம் அனுமதி வாங்குவது. பொது இடத்தில் திரையிட்டு ஆடுவது தனி உரிமை, கார்டை வாங்கியதால் அது தானாக வந்துவிடாது. கார்டு இருக்கும் கேமை வைத்து கேம் நாள் நடத்துவதற்கும் இதே விதிதான்.

இண்டி குழுக்களிடம் நேராகக் கேட்கலாம், இதுதான் இதில் வசதி. பெரிய நிறுவனத்தில் யாரைக் கேட்பது என்றே தெரியாது. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பும் மின்னஞ்சலைக் கேமைச் செய்தவரே படிக்கிறார். நூலகத்தின் பெயர், தேதி, எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் இல்லை, எந்தக் கருவியில் ஓடும் என்று ஐந்து வரி எழுதுங்கள். "அனுமதி உண்டா" என்று நேராகக் கேளுங்கள், "தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடித்தால் பதில் வராது. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பினால் ஒருமுறை நினைவூட்டவும் நேரம் இருக்கும். வந்த பதிலை அச்செடுத்து, சேகரிப்புக் கொள்கையை வைத்திருக்கும் அதே கோப்பில் சேர்த்துவையுங்கள். பதில் வராவிட்டால் அந்த கேமை விட்டுவிட்டு அடுத்ததற்கு எழுதுங்கள்.